கொள்ளுப்பிட்டிக் கட்டளைக்கோவை ஒன்றின் முன்வரலாறு

ஏட்டுச்சுவடியிலே சொல்லுக்கும் சொல்லுக்குமிடையே வெளி விடும் வழக்கம் இல்லை. ஒரு சொல் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகின்றது என்பதை வாசிப்பவனின் இலக்கணப் பயிற்சியே தீர்மானித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு வந்தபின்னர் இந்நிலை மாறத் தொடங்கிற்று. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879) தம் பதிப்புகளிலே சந்தி பிரித்தும் நிறுத்தக்குறியிட்டும் உரைநடையை ஒழுங்கு செய்தமை தமிழிலக்கிய மாணவர் யாவரும் அறிந்ததே. சொற்பிரிப்பு, தாளிலே சிறிது இடம் விடும் காரியமாக மட்டும் தோன்றலாம். ஆயினும் அதனுள் உரிமை பற்றிய வினா ஒன்று உண்டு. சுவடியிலே வாசகனிடம் இருந்த பிரிக்கும் உரிமை அச்சுப் பிரதியிலே பதிப்பாசிரியனிடம் சென்று சேர்ந்தது.

கணினிக்கு எழுத்தாற் கட்டளையிடும் துறையிலும் இதனையொத்த வழக்கொன்று 60 ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றது. தட்டச்சிட்டவன் ஒரே சொல்லாகத் தந்ததை இயந்திரம் இரண்டாகப் பிரிக்கலாமா? பிரித்தால் விளைவுக்கு யார் பொறுப்பு? இவ்வழக்கின் படிமங்கள் பலவற்றை, கொழும்பு 3 எனப்படும் கொள்ளுப்பிட்டியிலிருந்து உலகின் பல நாடுகளுக்கும் சென்ற சிறிய கோப்பு ஒன்றிலே ஒருங்கே காண முடிகின்றது. அக்கோப்பை விளங்கிக்கொள்ள அதன் முன்னோரை அறிதல் வேண்டும்.

முதலிற் சில சொற்கள். பயனாளர் தட்டும் கட்டளையை வாங்கிப் பொருள்கொண்டு உரிய நிரலை இயக்கும் இடைநிலை நிரலுக்கு ஷெல் என்று பெயர். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் 1980களின் பின் வளர்ந்த தலைமுறைக்கு அச்சொல் முதலில் எதனை நினைவூட்டும் என்பதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. கணினிக்கூடத்து வழக்கு அதுவே ஆதலின் இங்கும் அதுவே ஆளப்படுகின்றது. பல கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து ஒரே பெயரால் இயக்கும்போது அக்கோப்பு கட்டளைக்கோவை. கட்டளையின் பெயருக்குப் பின்னர் நாம் சேர்த்துத் தரும் சொற்களை மாணவர் ‘ஆர்கியுமென்ற்’ என்பர். ‘வாதம்’ என்று பெயர்த்தால் தருக்க சாத்திரம் வந்து குறுக்கிடும். எனவே ‘தருசொல்’ என்பது இக்கட்டுரையிற் கையாளப்படும். தருசொற்களுள் கட்டளையின் போக்கை மாற்றுவன, பெரும்பாலும் சிறுகோட்டுடன் தொடங்குவன, தெரிவுகள் எனப்படும்.

கட்டளைக்கோவைக்குத் தருசொல் தரும் எண்ணம் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே தோன்றியது. அங்கே பலர் ஒரே கணினியைக் காலப் பங்கீட்டு முறையிற் பயன்படுத்தும் சீ.ரி.எஸ்.எஸ். என்னும் அமைப்பு 1961இல் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்டது. பிரான்சிலிருந்து அங்கு சென்றிருந்த லூயி பூசான் என்பவர், ஒரே கட்டளை வரிசையை நாள்தோறும் திரும்பத் திரும்பத் தட்டும் சலிப்பிலிருந்து விடுபட, 1963-64 காலப்பகுதியில் ‘ரன்கொம்’ என்னும் நிரலை எழுதினார். கட்டளைகளைக் கோப்பில் இட்டு வைக்கலாம்; அவற்றில் மாறக்கூடிய இடங்களை வெறுமையாகக் குறித்து விட்டு, இயக்கும் நேரத்தில் வேண்டிய சொல்லை நிரப்பலாம். வார்ப்பு அச்சிலே வெற்றிடம் விட்டுப் பின்னர் பெயரை நிரப்பும் படிவத்தை இது ஒத்தது. ‘ஷெல்’ என்ற பெயரை இட்டவரும் பூசானே. அவர் 1965இல் நாடு திரும்பினார். பிற்காலத்தில் அவர் பிரான்சிலே அமைத்த சைக்கிளாட்ஸ் வலையமைப்பு இணையத்தின் முன்னோடிகளுள் ஒன்றாக எண்ணப்படுவது. சீ.ரி.எஸ்.எஸ்.இன் வழித்தோன்றலாகிய மல்ரிக்ஸ் அமைப்புக்கு முதல் ஷெல்லை எழுதியவர் கிளெண்டா ஷ்ரோடர் என்ற பெண்மணி. கணினி வரலாற்றை எழுதுவோர் இப்பெயரை விரைந்து கடந்து விடுவது வழக்கம்.

மல்ரிக்ஸிலே தெரிவுகள் சிறுகோட்டுடன் தொடங்கும் முழுச் சொற்களாக இருந்தன. அத்திட்டத்திலிருந்து பெல் ஆய்வுகூடம் 1969இல் விலகியபின், அங்கு பணியாற்றிய கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸில் சிறுகோடு நிலைத்தது. சொல் சுருங்கி ஓரெழுத்தாயிற்று. இதற்கு அழகியற் காரணம் தேட வேண்டியதில்லை. அவர்கள் கையிலிருந்த 33ஆம் மாதிரித் தொலைத்தட்டச்சுப் பொறி வினாடிக்குப் பத்து எழுத்துகளையே அடிக்க வல்லது. விசையை அழுத்த விரல் நோகும். குறுமை அங்கே உழைப்பின் சிக்கனம். பிற்காலத்தார் அதனை ஞானிகளின் சூத்திர நடையாகப் போற்றியமை வேறு விடயம்.

தொம்சனின் ஷெல்லிலே கோவைக்குத் தரப்படும் சொற்கள் வரிசை எண்ணால் அழைக்கப்பட்டன: முதற் சொல் ‘$1’, இரண்டாவது ‘$2’, இவ்வாறு ‘$9’ வரை. கோவையின் பெயரே ‘$0’. ஓரிலக்கத்துக்கு மேற் செல்ல வழி இல்லாமையாற் சொல்வரிசையை ஒவ்வொன்றாக இடப்பக்கம் நகர்த்தும் கட்டளை ஒன்று சேர்க்கப்பட்டது. முதற் சொல் கழிய இரண்டாவது முதலாவதாகும். பந்தியிலே முன்னவர் உண்டு எழுந்ததும் அடுத்தவர் அமர்வதைப் போன்றது. தருசொற்களுக்கு இடமும் குறைவு. 1975இல் வெளியான ஆறாம் பதிப்பில் அவை யாவும் 512 பைற்று கொண்ட ஒரு தாங்கிக்குள் அடங்க வேண்டியிருந்தன. 1979இன் ஏழாம் பதிப்பில் அது 5120 ஆயிற்று. லினக்ஸிலே நெடுங்காலம் 131072 பைற்றாக இருந்த எல்லை 2007இலேயே நெகிழ்த்தப்பட்டது.

ஏழாம் பதிப்போடு வந்த புதிய ஷெல் ஸ்ரீபன் போர்ன் என்பவரின் ஆக்கம். கேம்பிரிட்ஜிலே அல்கோல் 68 மொழியோடு பழகியவர் அவர். ஒரு கூற்றைத் தொடக்கச் சொல்லைத் தலைகீழாக எழுதி முடிக்கும் விசித்திரத்தை அங்கிருந்தே கொண்டு வந்தார். ஷெல்லை முழுமையான நிரலாக்க மொழியாக்கிய பெருமை அவருக்கும், அவருக்கு முன்னர் அதே ஆய்வுகூடத்திற் பணி செய்த ஜோன் மாஷிக்கும் உரியது. பின்வந்த தலைமுறைகளைத் துன்புறுத்திய ஒரு தீர்மானமும் இந்த ஷெல்லிலேயே உறுதிப்பட்டது. அதனைச் சற்று நிதானமாக நோக்குதல் தகும்.

பயனாளர் ஒரு கட்டளையைத் தட்டுகின்றார். ஷெல் அதனை வெளி கண்ட இடமெல்லாம் பிரித்துச் சொற்களாக்குகின்றது. ‘கொழும்பு 3’ என்பதை ஒரே சொல்லாகத் தர விரும்புபவர் அதனை மேற்கோட்குறிக்குள் இடுகிறார். ஷெல் குறியை மதித்து, உள்ளிருக்கும் வெளியோடு கூடவே அதனை ஒரு தருசொல்லாகக் கோவைக்கு ஒப்படைக்கின்றது. இதுவரை குறையில்லை. இப்போது கோவையின் உள்ளே ஒரு வரியில் ‘$1’ என்று எழுதப்பட்டிருக்கின்றது. அவ்விடத்தில் ‘கொழும்பு 3’ நிரப்பப்படுகின்றது. நிரப்பப்பட்டபின், அதனை மேற்கோட்குறி சூழாவிடின், ஷெல் மறுபடியும் வெளியைக் கண்டு பிரிக்கின்றது! ஒன்றாக வந்தது ‘கொழும்பு’ என்றும் ‘3’ என்றும் இரண்டாகச் செல்கின்றது. தட்டியவர் இட்ட குறி முதல் வாயிலிலேயே உதிர்ந்து விட்டது. இரண்டாம் வாயிலில் அவருடைய கருத்தைச் சொல்ல எவரும் இல்லை.

இவ்வாறு செய்தமைக்குக் காரணம் இல்லாமலில்லை. போர்னின் மொழியில் அணி என்ற தரவமைப்பு இல்லை. பல கோப்புப் பெயர்களை ஒரு மாறியில் வைக்க வேண்டின் அவற்றை வெளிவிட்டு எழுதி ஒரே சரமாகவே வைக்க முடியும். அச்சரம் பின்னர் பெயர்களாகப் பிரிய வேண்டும். ஆகவே மறுபிரிப்பு ஒரு வசதியாகவே பிறந்தது. அதன் ஆபத்தும் போர்னுக்குத் தெரிந்திருந்தது எனக் கொள்ள இடமுண்டு. எல்லாத் தருசொற்களையும் ஒருங்கே குறிக்க அவர் இரண்டு குறியீடுகளை வைத்தார். ஒன்று உடுக்குறியோடு கூடிய ‘$*’, மற்றது ‘$@’. மேற்கோட்குறி இன்றி எழுதினால் இரண்டும் ஒரே கேட்டையே செய்யும். மேற்கோட்குறிக்குள் எழுதினால் முன்னையது எல்லாச் சொற்களையும் ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடும். பின்னையதோ வந்த சொற்களை வந்தவாறே, வெளி கெடாமல், எண்ணிக்கை மாறாமல் அப்பாற் செலுத்தும். கட்டளைக்கோவை எழுதும் கலையின் பாதி இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியுள்ளது என்று கூறின் மிகையாகாது. அதுவும் ஏழாம் பதிப்பிற் பழுதுற்றே இருந்தது: தருசொல் ஒன்றும் இல்லாதபோது அது ‘ஒன்றுமில்லை’ என்பதற்குப் பதிலாக வெற்றுச் சொல் ஒன்றைத் தந்தது. அதனைத் தவிர்க்க எழுதப்பட்ட சுற்றுவழிச் சூத்திரத்தை, பழுது நீங்கிப் பல ஆண்டுகள் கழிந்தபின்னும், காரணம் அறியாமலே பலர் எழுதி வந்தனர். மரபு இவ்வாறுதான் வளரும்.

யுனிக்ஸின் கோப்பமைப்பு, சாய்கோட்டையும் சுழிப் பைற்றையும் தவிர எதனையும் கோப்புப் பெயரில் அனுமதித்தது. ஆயினும் அதனை ஆண்ட ஆய்வுகூடத்தார் பெயரில் வெளி விடவே இல்லை. விட வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை. பெயரில் வெளி விட்டவர்கள் வேறு சமூகத்தினர். 1984இல் வந்த மக்கின்ரொஷ் கணினியைப் பாவித்த அலுவலகத்தாரும் ஆசிரியர்களும் ஓவியர்களும் ஷெல்லை அறியாதவர்கள். அவர்களுக்குக் கோப்பின் பெயர் மேசையிலுள்ள கடித உறையின் பெயரைப் போன்றது. அதில் வெளி இருப்பது இயல்பு. இவ்விரு சமூகங்களும் 2001 மார்ச்சில் வெளிவந்த மக் ஓ.எஸ். பத்து என்னும் அமைப்பிலே சந்தித்தன. மேலே மக்கின்ரொஷ் முகம்; உள்ளே யுனிக்ஸ்.

சந்திப்பின் விலை அவ்வாண்டு நவம்பரிலேயே தெரிந்தது. அப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐரியூன்ஸ் 2.0 என்னும் இசை நிரலை நிறுவும் கட்டளைக்கோவையில், பழைய பதிப்பை அழிக்கும் வரியொன்று இருந்தது. எந்த வட்டில் நிறுவ வேண்டும் என்பது அக்கோவைக்கு இரண்டாவது தருசொல்லாக, அதாவது ‘$2’ ஆக வரும். அழித்தற் கட்டளையில் அந்த ‘$2’ மேற்கோட்குறி இல்லாமல் எழுதப்பட்டிருந்தது. விளைவை நம் ஊர்ப் பெயரால் விளக்கலாம். ஒருவரிடம் ‘கொழும்பு’ என்று ஒரு வட்டும் ‘கொழும்பு 3’ என்று இன்னொரு வட்டும் இருந்ததாகக் கொள்வோம். இரண்டாவதில் நிரலை நிறுவ அவர் பணிக்கிறார். கோவை ‘கொழும்பு 3’இலுள்ள பழைய நிரலை அழிக்கும் எண்ணத்துடன் செல்கின்றது, ஷெல் பெயரைப் பிரிக்கின்றது, ‘கொழும்பு’ வட்டு முழுவதும் அழிகின்றது. கேள்வி கேட்காமல் உள்ளறைகளையும் சேர்த்து அழிக்குமாறு கட்டளையோடு தெரிவுகள் கொடுக்கப்பட்டிருந்தமையால் எச்சரிக்கையும் எழவில்லை. பெயரின் தொடக்கத்திலேயே வெளி இருந்தாலோ, இணைக்கப்பட்டிருந்த வட்டுகள் யாவுமே அழிவுக்கு உள்ளாகும். சிலர் தம் கோப்புகள் அனைத்தையும் இழந்தனர். அப்பதிப்பு மீளப்பெறப்பட்டு 2.0.1 வெளியாயிற்று. திருத்தம் யாதெனில், ஒரு சோடி மேற்கோட்குறி.

தருசொற்களுள் எவரும் பொருட்படுத்தாத ‘$0’உம் தன் பங்கைச் செய்தது. வால்வ் நிறுவனத்தின் ஸ்ரீம் விளையாட்டு நிரலை லினக்ஸில் இயக்கும் கோவை, தான் எந்த அடைவில் இருக்கின்றது என்பதை ‘$0’இலிருந்து கணித்தது. பயனாளர் ஒருவர் அடைவை வேறிடத்துக்கு நகர்த்தியபோது கணிப்புப் பொய்த்து வெற்றுச் சொல் கிடைத்தது. அவ்வடைவிலுள்ள அனைத்தையும் அழி என்ற வரி, வெற்றுச் சொல்லின் பின் வந்த சாய்கோட்டால், கணினியிலுள்ள அனைத்தையும் அழி என்று பொருள் மாறிற்று. இது 2015 ஜனவரியில் வெளியே தெரிய வந்தது. இங்கே மேற்கோட்குறி முறைப்படி இடப்பட்டிருந்தது என்பது கருதத்தக்கது. அவ்வரிக்கு அருகே, அச்சமூட்டுவது என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லைக் குறிப்பாக எழுதியும் வைத்திருந்தனர். அஞ்சியவர் சோதிக்கவில்லை.

இன்னும் நுட்பமான ஒன்று 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவன ஆய்வாளரால் வெளியிடப்பட்டது. லினக்ஸில் உயர் அதிகாரத்துடன் நிரலை இயக்க உதவும் பீ.கே.எக்செக் என்னும் கருவி, தனக்கு ஒரு தருசொல்லேனும், குறைந்தது தன் பெயரேனும் வரும் என நம்பி எழுதப்பட்டிருந்தது. ஒன்றுமே தராமல் அழைத்தால் அது எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்கி, நினைவகத்தில் அடுத்திருந்த சூழல் மாறியைத் தருசொல்லென மயங்கி எடுத்துக்கொண்டது. சாதாரணப் பயனாளர் ஒருவர் கணினியின் முழு ஆட்சியையும் கைப்பற்ற அது வழி திறந்தது. 2009 மே மாதத்திலிருந்து இப்பழுது அங்கிருந்தது. தருசொல் இன்றி எந்த நிரலும் தொடங்க முடியாதவாறு லினக்ஸின் கருவே அதன் பின்னர் மாற்றப்பட்டது.

இனித் தெரிவுகள். யுனிக்ஸின் தொடக்க காலத்தில் ஒவ்வொரு கட்டளையும் தன் தெரிவுகளைத் தன் மனம்போலப் படித்தது. ஒன்று சிறுகோடு கேட்கும், ஒன்று கேளாது; ஒன்று முழுச் சொல் கேட்கும்; ஒன்று ஐ.பி.எம். பேரியந்திரங்களின் பாணியில் சமன்குறி கேட்கும். இதனைச் சீராக்க ‘கெற்ஒப்ற்’ என்னும் பொது வழி 1980 அளவில் தோன்றி, 1985இல் டலஸ் நகரத்து யுனிபோரம் மாநாட்டில் ஏ.ரி. அன் ரி. நிறுவனத்தாற் பொதுவுடைமையாக வழங்கப்பட்டது. கோவைகளுக்கென அமைந்த அதன் கட்டளை வடிவமோ வெளியுள்ள சொற்களை உடைத்தது, பழைய நோயே. அதனால் அதன் இடத்துக்கு ‘கெற்ஒப்ற்ஸ்’ வந்தது. குனூ இயக்கத்தார் இரட்டைச் சிறுகோட்டுடன் முழுச் சொற்களை மீட்டுக் கொண்டு வந்தனர். 1992இன் பொசிக்ஸ் நியமம் இவற்றுட் சிலவற்றை விதியாக்கியது.

கொள்ளுப்பிட்டிக்கு இப்போது வரலாம். 2003இல் இலங்கையிலே லங்கா சொப்ற்வெயார் பவுண்டேசன் என்னும் அமைப்பு, திறந்த மூலநிரல் ஆக்கத்தை நாட்டில் வளர்க்கும் நோக்குடன் தொடங்கப்பட்டது. அதனை முன்னெடுத்தவர்களுள் ஒருவரான சஞ்ஜீவ வீரவரண, ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் வலைச்சேவை நியமங்களை வகுத்தோருள் ஒருவர். அவரும் போல் பிரெமாண்டில் முதலியோரும் 2005இல் நிறுவிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனம் கொள்ளுப்பிட்டி பாம் குறோவ் தெருவை நெடுங்காலம் தன் இலங்கை முகவரியாகக் கொண்டிருந்தது. வலைச்சேவையின் முதலெழுத்துகளோடு ஒட்சிசனின் குறியீட்டைச் சேர்த்து இட்ட பெயர் அது. வங்கிகள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள், அரசுகள், ஈபே போன்ற பெரு வணிகர் ஆகியோரின் நிரல்களை ஒன்றோடொன்று பேச வைக்கும் இடைநிலை மென்பொருளை அது வழங்கியது. 2024இல் ஈ.கியூ.ரி. என்னும் பன்னாட்டு முதலீட்டு நிறுவனம் அதனை வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. காலி வீதிப் பேருந்தில் இறங்கி விரிவுரைக்குச் செல்லும் மாணவர் பலர், இத்தெருவில் எழுதப்பட்டவை எங்கெல்லாம் ஓடுகின்றன என்பதை எண்ணியிருக்க மாட்டார்கள்.

அம்மென்பொருள் ஜாவா மொழியில் அமைந்தது. ஆயின் அதனைத் துயிலெழுப்புவது ஜாவா அன்று. நிறுவனத்தின் பெயரோடு ‘சேர்வர்’ என்ற சொல் ஒட்டிய ஷெல் கட்டளைக்கோவை ஒன்று. கார்பன் என்னும் அடித்தளத்தின் நான்காம் தலைமுறைப் பதிப்புகளில் அக்கோவையின் மூலத்தை எவரும் வாசிக்கலாம். திறந்த மூலநிரலின் பயன்களுள் அது ஒன்று. அப்பாச்சி ரொம்கற்றின் தொடக்கக் கோவைகளிலிருந்து தாராளமாகக் கடன் பெற்றதை அதன் தலைப்புக் குறிப்பே ஒப்புக்கொள்கின்றது. இது நேர்மை. முதலில் அது ‘$0’ மெய்யான கோப்பா, வேறொன்றைச் சுட்டும் இணைப்பா என ஆராய்ந்து, இணைப்பாயின் அதன் அடியைத் தேடிச் செல்கின்றது. ஸ்ரீம் கோவை தவறிய இடத்தில் இது தவறுவதில்லை. ரொம்கற்றின் மூத்தோர் கற்ற பாடம் கடனாக வந்து சேர்ந்திருக்கின்றது.

அதன் பின்னர் தருசொற்களைப் படிக்கும் பகுதி வருகின்றது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து ஒப்பிடும் சுற்று அது. சேவையகத்தை நிறுத்த வேண்டின் எப்படிச் சொல்வது? ‘ஸ்ரொப்’ என்னும் சொல்லை இரட்டைச் சிறுகோட்டுடன் எழுதலாம், ஒற்றைச் சிறுகோட்டுடன் எழுதலாம், கோடே இல்லாமலும் எழுதலாம். மூன்றையும் ஒரே வரியில் அடுத்தடுத்து வைத்துக் கோவை ஏற்றுக்கொள்கின்றது. தொடங்கு, நிறுத்து, மீளத் தொடங்கு, பதிப்பைச் சொல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இவ்வாறே. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது மிகையான உபசாரமாகத் தோன்றலாம். வரலாற்று மாணவனுக்கோ இது அகழ்வாய்வுக் குழியின் வெட்டுமுகம். இரட்டைச் சிறுகோடு குனூவின் படை. ஒற்றைச் சிறுகோட்டோடு முழுச் சொல் மல்ரிக்ஸிலிருந்து ஜாவா வரை நீண்ட பழைய படை. கோடற்ற வெறுஞ்சொல், யுனிக்ஸ் ஐந்தாம் முறைமையிலே சேவைகளைத் தொடங்கவும் நிறுத்தவும் வைத்திருந்த கோவைகளின் வழக்கு. மூன்று மரபிற் பழகிய நிர்வாகிகளும் ஒரே வாயிலுக்கு வந்து தட்டுவர் என்பதைக் கொள்ளுப்பிட்டியில் இருந்தோர் அறிந்திருந்தனர்.

பழுதறியும் தெரிவு சற்று வேறானது. அதற்கு அடுத்துத் துறை எண் ஒன்று வர வேண்டும். சுற்று அத்தெரிவைக் கண்டதும் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த சொல்லை எண்ணாக எடுத்துக்கொள்கின்றது. எண் வராவிடின், அதனைத் தருமாறு கேட்டு நின்று விடுகின்றது. தனக்கு விளங்காத சொற்களை அது நிராகரிப்பதில்லை. திரட்டி ஜாவாவிடம் ஒப்படைக்கின்றது. ஒரே கணினியில் இரு சேவையகங்களை இயக்க விரும்புவோர் துறைப் பெயர்ச்சி ஒன்று எனத் தருசொல்லாற் குறித்தால், வழக்கமான 9443ஆம் துறை 9444ஆக மாறும். ஒரு சொல்லுக்கு அத்துணை ஆற்றல்.

ஆனால் அச்சுற்று தருசொற்களை எடுப்பது எதிலிருந்து? ‘$*’ இலிருந்து; அதுவும் மேற்கோட்குறி இன்றி. ஜாவாவிடம் ஒப்படைக்கும் இறுதி வரியிலும் அதுவே. வெளியுள்ள மதிப்பு ஒன்றை ஒருவர் தெரிவோடு தந்தால் அது இரண்டாக உடையும். அதே கோப்பிலே நிறுவல் அடைவின் பெயர் வரும் இடங்களெல்லாம் கவனமாக மேற்கோட்குறிக்குள் வைக்கப்பட்டுள்ளன. அடைவின் பெயரில் வெளி வரலாம் என்று அஞ்சிய கை, தருசொல்லில் வெளி வரலாம் என்று அஞ்சவில்லை. இதனை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. அக்கோவைக்கு நடைமுறையில் வருவன தொடங்கு, நிறுத்து போன்ற சொற்களும் எண்களுமே. தரவு நிலையத்து நிர்வாகிகள் பழைய ஆய்வுகூடத்தாரைப் போல வெளியைத் தவிர்க்கப் பழகியவர்கள். ஐரியூன்ஸின் வரியோ அழிக்கும் வரி. இதுவோ தொடங்கும் வரி. ஆயினும், 1979இல் ஒரே மொழியில் அருகருகே வைக்கப்பட்ட இரு குறியீடுகளுள் எதனை எடுப்பது என்ற தயக்கம், ஒரு கண்டமும் முப்பது ஆண்டுகளும் தாண்டி, கொள்ளுப்பிட்டியில் எழுதப்பட்ட கோப்பிலும் தீராமல் நின்றது என்பது நோக்கற்பாலது. மறுபிரிப்பையே ஒழித்த ஷெல்கள் இல்லாமலில்லை. பெல் ஆய்வுகூடத்திலேயே ரொம் டவ் எழுதிய ‘ஆர்சீ’யும், 1990இல் போல் போல்ஸ்ராட் எழுதிய ‘இசட்-ஷெல்’லும் நிரப்பிய சொல்லை மீண்டும் பிரிப்பதில்லை. எனினும் எங்கும் இருப்பது போர்னின் வழி ஆதலின், எங்கும் ஓட வேண்டிய கோவை அவ்வழியிலேயே எழுதப்படுகின்றது. பரவலே நியமமாகும் நிலை மொழிக்கும் புதிதன்று.

இவை யாவும் உரோம எழுத்தின் எல்லைக்குள் நடந்தவை. தமிழ்ச் சொல் ஒன்று தருசொல்லாகச் செல்லும்போது நிகழ்வது தனியே ஆராயத்தக்கது. ‘கொள்ளுப்பிட்டி’ என்பதில் இலக்கண நூலார் கணக்குப்படி எழுத்து ஏழு. ஒருங்குறியிலோ மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதாற் குறிமுறைகள் பதினான்கு. ஒவ்வொன்றும் யூ.ரி.எப்.-8 முறையில் மூன்று பைற்று கொள்ளும், ஆக 42. லினக்ஸின் வழக்கமான கோப்பமைப்பில் ஒரு பெயர் 255 பைற்றை மீற முடியாது. ஆங்கிலத்தில் 255 எழுத்தாகும் அவ்வெல்லை தமிழில் 85 குறிமுறையோடு முடிந்து விடும். சொல்லின் நீளம் என்ன என்று ஷெல்லைக் கேட்டால் மொழியமைப்பைப் பொறுத்து 14 என்றோ 42 என்றோ விடை வரும். ஏழு என்று ஒருபோதும் வராது.

‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறிமுறையாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்து இரு குறிமுறையாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு இல்லை. மக்கின்ரொஷின் பழைய கோப்பமைப்பு பெயரைப் பிரித்தே சேமித்தது. அங்கே கொள்ளுப்பிட்டி 45 பைற்று. கட்டளைக்கோவை தருசொல்லை ஒப்பிடுவது பைற்றுக்குப் பைற்று ஆதலின், கண்ணுக்கு ஒன்றாகிய இரு பெயர்கள் அதற்கு இருவேறு பெயர்கள். தெரிவைப் படிக்கும் ‘கெற்ஒப்ற்ஸ்’ ஓரெழுத்துத் தெரிவுக்கு ஒரு பைற்றையே எதிர்பார்க்கின்றது. உரோம எழுத்து ஒன்றும் இலக்கம் ஒன்றும் அங்கே தெரிவாகலாம். ‘அ’ ஆக முடியாது. தமிழில் தெரிவு வேண்டுவோர், பாம் குறோவ் தெருக் கோவையிலுள்ளதைப் போன்ற ஒப்பிடும் சுற்றொன்றைத் தாமே எழுதிக்கொள்ள வேண்டியவராவர். அச்சுற்றிலே நிறுத்து என்ற சொல்லையும் மூன்று வடிவிலும் ஏற்கச் செய்யலாம். அங்கே ‘$@’ என்பதை மேற்கோட்குறிக்குள் எழுதுவதற்குத் தடையேதும் இல்லை.